கூவம், அடையாற்றுப் பழைய வெள்ளங்கள்: ஆவணங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கூவக்கரை எழுதியது:

2015 டிசம்பரில் "நூறு வருஷத்தில் இல்லாத மழை" என்றார்கள். 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோதும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். நடுவில் போனது எட்டே வருஷம்.

சரி, நூறு, இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம ஆறுகள் என்ன செய்தன என்று நாமே தேடிப் பார்ப்போமே என்றுதான் இந்த இழை. மழைக்கு ஓரளவு கணக்கு இருக்கிறது. நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடம் வந்தது 1792இல். 1813 முதல் மழை அளவு தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. 1846 அக்டோபர் 21ஆம் தேதி ஒரே நாளில் 20 அங்குலத்துக்கு மேல் கொட்டியிருக்கிறது, அதாவது 50 செ.மீ.க்கும் அதிகம். 1976 நவம்பர் 25இல் நுங்கம்பாக்கத்தில் 45 செ.மீ. ஆற்றுக்கு இப்படி ஒரு நோட்டு யாரும் வைக்கவில்லை. தண்ணீர் எதுவரை ஏறியது, எந்தப் பாலம் ஆட்டம் கண்டது, எந்த ஊர் ஏரி உடைந்தது என்பதெல்லாம் வேறு வேறு காரியத்துக்காக எழுதின தாள்களில் சிதறிக் கிடக்கிறது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கவுன்சிலின் நாட்குறிப்பு, ஆலோசனைப் புத்தகங்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு, பல தொகுதிகள் அச்சிலும் வந்திருக்கின்றன. அதில் வெள்ளம் எப்போது தலைகாட்டும்? கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, செலவு வரும்போது. துணி மூட்டை நனைந்தால் வரும், மதில் சரிந்தால் வரும். வியாசர்பாடிப் பக்கம் குடிசை போனால் வராது. ஆகவே "1700களில் இத்தனை வெள்ளம்தான்" என்று அந்தப் புத்தகங்களை மட்டும் வைத்து எண்ணிச் சொன்னால், கும்பினியின் கவலையைத்தான் எண்ணியிருப்போம்.

யாரிடமாவது வேறு வகை ஆவணம் இருந்தால், அதை எப்படிப் படிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். படம் போடுபவர்கள் எங்கே எடுத்தது என்றும் சேர்த்துப் போடுங்கள்.

---

தாழ்வாரம் எழுதியது:

நல்ல இழை. நான் நீரியல் படித்தவள், அதனால் ஒரு நச்சரிப்போடு ஆரம்பிக்கிறேன். வெள்ளத்தைத் தேடுவதற்கு முன்னால் ஆற்றைத் தேட வேண்டும். அன்றைக்கு ஆறு எங்கே ஓடியது என்று தெரியாமல் "தண்ணீர் இதுவரை வந்தது" என்ற வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கோட்டையையே எடுத்துக்கொள்வோம். ஆளுநர் பிட் காலத்துப் படம், சுமார் 1710, பார்த்திருப்பீர்கள். கோட்டைக்கும் பழைய கறுப்பர் நகரத்துக்கும் மேற்கே ஒட்டினாற்போல ஓர் ஆறு வடக்கிலிருந்து தெற்கே இறங்கி, கடலுக்குக் கொஞ்சம் முன்னால் கூவத்தோடு சேர்கிறது. அதுதான் எழும்பூர் ஆறு. வெள்ளைக்காரன் பேச்சில் எலம்பூர் ஆறு, வடக்காறு. 1749இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் திரும்பக் கைக்கு வந்த பிறகு கோட்டையைப் பெரிதாக்கினார்கள். அதற்காக ஆற்றையே மேற்கே தள்ளி, பழைய படுகையைத் தூர்த்து, அதன் மேல்தான் மேற்கு மதிலை நகர்த்திக் கட்டினார்கள். இன்றைக்குக் கோட்டைக்குள் நீங்கள் நடக்கிற மண்ணில் ஒரு பகுதி ஆறு ஓடின மண்.

இப்போது "மேற்கு மதில் வரை வெள்ளம்" என்று ஒரு குறிப்பு கிடைக்கிறது என்று வையுங்கள். 1740க்கு முன்னால் என்றால் அது சாதாரணம், மதிலே ஆற்றங்கரையில்தான் நிற்கிறது. 1780 என்றால் அது வேறு கதை. வரி ஒன்றுதான், இடம் மாறிவிட்டது.

அதே எழும்பூர் ஆற்றின் வடக்குப் பகுதிதான் 1800களின் தொடக்கத்தில் காக்ரேன் கால்வாயாகி, தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876-78) கூலிவேலையாக அடையாறு வரை நீட்டப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய் ஆனது. வடக்கு தெற்காக ஒரு கால்வாய் வந்து கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பிறகு, ஒன்றின் வெள்ளம் இன்னொன்றில் தெரியாது என்று சொல்ல முடியாது. 1878க்கு முந்தைய வெள்ளத்தையும் பிந்தைய வெள்ளத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

---

சைதைக்காரன் எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதற்கு? அந்தக் காலத்தில் ஏரி இருந்தது, வெள்ளம் இல்லை. இப்போ ஏரி இல்லை, வெள்ளம் இருக்கு. அவ்வளவுதான்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீள ஏரி. அதன் கிழக்குக் கரையை ஒட்டித்தான் மவுண்ட் ரோடு. 1920களில் ஏரியை வடித்துத் தியாகராய நகர் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்னும் ஏரிக்கரைப் பேரில் தெரு இருக்கு, நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்பதே ஏரியில். எங்க தாத்தா சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், வீட்டுக்குள் தண்ணீர் வந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. 2015இல் எங்க வீட்டு ஜன்னல் கீழ்ச்சட்டம் வரை வந்தது. இதற்குமேல் என்ன ஆவணம் வேணும்?

---

தாழ்வாரம் எழுதியது:

அண்ணே, ஏரியைத் தூர்த்தது தப்பு என்பதில் உங்களோடு சண்டையே இல்லை. ஆனால் "அந்தக் காலத்தில் வெள்ளம் இல்லை" என்பதை ஏற்க முடியாது.

1846இல் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தபோது நீள ஏரி முழுசாக இருந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும்? நம்ம பக்கத்து ஏரிகள் எல்லாம் சங்கிலி. மேல் ஏரியின் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்து கீழ் ஏரிக்கு வரும். சாதாரண வருஷத்தில் இது அற்புதமான ஏற்பாடு. ஐப்பசி பாதியிலேயே எல்லா ஏரியும் நிரம்பி, அதன்மேல் கார்த்திகையில் ஒரு புயல் வந்தால் மேலே ஒரு கரை போகும், அந்தத் தண்ணீர் மொத்தமாக வந்து கீழே இருப்பதையும் உடைக்கும். பாலாற்றில் 1903 நவம்பர் 12இல் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளம் இப்படித்தான், மேலே கோலார்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்தது. வாணியம்பாடியில் அதற்கு நினைவுத்தூண் உண்டு.

2015ஐயும் செம்பரம்பாக்கத்தில் திறந்த 29,000 கன அடி என்ற ஒற்றை எண்ணாகவே பேசுகிறோம். அன்றைக்குத் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு ஆதனூர் ஏரிப் பக்கமிருந்தே தனியாக வருகிற ஆறு, வழியில் எத்தனையோ ஏரிகளின் உபரி அதில் இறங்குகிறது. செம்பரம்பாக்கத்தில் கதவு வைத்திருப்பதால் அதற்கு மட்டும் எண் கிடைத்தது. எண் இருக்கிற இடத்தைப் பார்த்தே பேசுவது, கோட்டைப் புத்தகத்தை மட்டும் படிப்பது மாதிரிதான்.

உங்கள் தாத்தா சொன்னதை நான் தள்ளவில்லை. அவர் வீடு எந்தத் தெரு, தெரு மட்டம் அன்றைக்கு எவ்வளவு, இவையும் தெரிந்தால் அது நல்ல ஆவணம்.

---

சைதைக்காரன் எழுதியது:

காரணீஸ்வரர் கோயில் பக்கம். தெருவை நாலு தடவை ஒசத்திட்டாங்க. முன்னே மூணு படி ஏறி வீட்டுக்குள் போவோம், இப்போ ஒரு படி இறங்கிப் போறோம்.

---

நிலஅளவை_ஓய்வு எழுதியது:

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சைதைக்காரன் சொன்ன படிக்கணக்கு லேசான விஷயம் இல்லை. இந்த மட்டத்தைக் கழிக்காமல் 1943 வெள்ளத்தையும் 2015ஐயும் ஒப்பிடவே கூடாது.

ஆவணம் என்றால் எல்லோரும் இங்கிலீஷ்காரன் எழுதினதையே நினைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த தாள்களைச் சொல்கிறேன். முதலில் 'அ' பதிவேடு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் (சர்வே எண்) அது நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா, ஏரி உள்வாயா, ஓடையா, வண்டிப்பாதையா என்று எழுதியிருக்கும். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்கு முந்தைய பழைய பதிவேட்டையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த எண் எப்போது நத்தமாகவோ வீட்டுமனையாகவோ மாறியது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கிராம வரைபடம். பழையது 16 அங்குலத்துக்கு ஒரு மைல். அதோடு புலப்பட நூல், ஒவ்வொரு புலத்துக்கும் தனி அளவுப் படம் இருக்கும். இதைப் படிக்கிற கண் பழகணும். மனுஷன் வெட்டின வாய்க்கால் நேராக இருக்கும், மடங்கினாலும் முனையாக மடங்கும். ஆறு போன தடம் அப்படி இருக்காது. அடிக்கோட்டிலிருந்து பத்துப் பத்து லிங்க்குக்கு (அளவுச் சங்கிலியின் கண்ணி) ஒரு குறுக்களவு எடுத்து, எல்லை பாம்பாக நெளியும். ஒரு தடவை நந்தம்பாக்கம் பக்கத்துப் பழைய புலப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து புல எண்களுக்கு நடுவில் ஒரு நீளத் துண்டு, இரண்டு பக்கமும் நெளிந்து, இரண்டு நுனியும் ஆற்றைப் பார்த்தபடி. பதிவேட்டில் 'ஓடை புறம்போக்கு'. தரையில் போய்ப் பார்த்தால் ஓடையும் இல்லை ஒன்றும் இல்லை, மாடி வீடுகள். அடையாறு ஒரு காலத்தில் சுற்றிப் போய் அப்புறம் குறுக்கே வெட்டிக்கொண்ட பழைய வளைவு அது என்பது என் கணிப்பு. அந்தத் தெருவில் 2015இல் எங்கே முதலில் தண்ணீர் புகுந்தது என்று விசாரித்தால் தெரிந்துபோகும்.

மூன்றாவது, யாரும் கை வைக்காதது: ஜமாபந்திக் கணக்கு, அதாவது வருஷாந்தர வருவாய்த் தணிக்கைக் கணக்கு. வெள்ளத்தில் பயிர் அழுகினால் குடியானவர் தீர்வை வஜா, அதாவது நிலவரித் தள்ளுபடி, கேட்பார். கணக்குப்பிள்ளை புல எண் வாரியாக எழுதுவார், வருவாய் ஆய்வாளர் வந்து பார்ப்பார், தாசில்தார் பாதியை வெட்டுவார். பணம் சம்பந்தப்பட்டதால் இரண்டு தரப்பும் கவனமாக இருப்பார்கள். கட்டுகள் பசலியில், அதாவது ஜூலையில் தொடங்குகிற வருவாய் வருஷத்தில் இருக்கும்; 1943 அக்டோபர் வெள்ளம் என்றால் பசலி 1353ஐப் பாருங்கள். 1976 நவம்பர் என்றால் பசலி 1386. ஆங்கில வருஷத்தை வைத்துத் தேடினால் கட்டு கிடைக்காது. ஜூலையிலிருந்து என்றால் 590ஐக் கழிக்கணும், அவ்வளவுதான்.

---

கூவக்கரை எழுதியது:

ஐயா, வஜாக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. கோட்டைப் புத்தகம் விட்ட இடத்தை அது அடைக்கும். ஆனால் குடியானவர் கூட்டிச் சொல்வதும் தாசில்தார் குறைப்பதும் அதிலேயே இருக்கும் அல்லவா?

---

நிலஅளவை_ஓய்வு எழுதியது:

இருக்கும். ஆனால் எவ்வளவு என்பதில்தான் பொய் வரும், எங்கே என்பதில் வராது. ஆற்றுக்கு அரை மைல் தள்ளி இருக்கிற மேட்டுப் புஞ்சைக்கு வெள்ள வஜா கேட்டால் ஊரே சிரிக்கும். நமக்கு வேண்டியது எங்கே என்பதுதானே.

---

ஏரிகாத்தாள் எழுதியது:

எங்கள் ஊர் மதுராந்தகம், இருப்பது குரோம்பேட்டை. பழைய வெள்ளம் என்றால் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஏரி காத்த ராமர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஏரி வருஷா வருஷம் உடைகிறது. ஜாகீர் (கும்பினிக்குக் கிடைத்த செங்கல்பட்டுப் பகுதி) கலெக்டர் லயனல் பிளேஸ் வந்து கரையைப் பலப்படுத்துகிறார். மழை விடாமல் பெய்கிற ஒரு ராத்திரி, கரை நிற்குமா என்று பார்க்கப் போகிறார். வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரையில் காவல் நிற்பதைப் பார்த்து மண்டியிடுகிறார். கரை நின்றது, அவர் நேர்ந்துகொண்டபடி தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார். அவர் பேரில் கல்வெட்டும் கோயிலில் இருக்கிறது.

இதை ஆவணம் என்று எடுத்துக்கொள்வீர்களா? பக்திக் கதை என்று ஒதுக்குவீர்களா?

---

கூவக்கரை எழுதியது:

ஒதுக்க மாட்டேன், மேடம். பிரித்து எடுப்பேன். பிளேஸ் 1790களில் ஜாகீர் கலெக்டராக இருந்ததும், ஏரிகளைச் சீர்செய்வதில் முனைப்பாக இருந்ததும் வருவாய்ப் பதிவுகளில் இருக்கிறது. 1799இல் அவர் கொடுத்த நீண்ட அறிக்கையும் உண்டு. கல்வெட்டு நிற்கிறது. ஏரி அடிக்கடி உடைந்தது என்பது கதையின் பின்னணி, அதை யாரும் அற்புதத்துக்காகச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. கதையில் அக்கறை இல்லாமல் சொல்லப்படுகிற விவரம்தான் நமக்குச் சரக்கு. வருஷம் மட்டும் ஒவ்வொருவர் சொல்வதில் ஒவ்வொன்றாக வருகிறது. வருஷத்துக்குக் கதையை நம்பக் கூடாது, ராமரைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

---

சைதைக்காரன் எழுதியது:

ராமர் காத்தார். அதுவும் ஒரு முடிவுதான்.

---

மட்டுறுத்துநர்:

ராமர் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஏரி மட்டும்.

---

கூவக்கரை எழுதியது:

தேதி விஷயத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நான் பார்த்த இணையக் கட்டுரைகள் பலவும் அதில் விழுந்திருக்கின்றன. 1746ஐ எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த கொஞ்ச நாளில் ஒரு புயல் வந்து பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களைச் சின்னாபின்னமாக்கியது. அதே பருவத்தில், பாண்டிச்சேரியிலிருந்து வந்த பரதி என்ற தளபதி அடையாற்றை நடந்தே கடந்து, சாந்தோம் பக்கம் நின்ற ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் படையை விரட்டினான். அடையாற்றுச் சண்டை என்று பள்ளியில் படித்தோமே, அது.

புயல் அக்டோபர் 13 இரவு என்று ஒரு புத்தகத்தில் இருக்கும், சண்டை அக்டோபர் 24 என்று இன்னொன்றில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும் புயல் அடித்துப் பதினொரு நாளில் அடையாற்று முகத்துவாரத்தில் ஆள் இறங்கி நடக்கிற அளவுக்குத் தண்ணீர் வடிந்துவிட்டது என்று ஆகிறது. அதிலிருந்து "புயலில் மழையே இல்லை, வெறும் காற்று" என்று முடிவுகட்டலாம். கட்டியும் இருக்கிறார்கள்.

ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் புதிய நாட்காட்டியில் எழுதினார்கள், ஆங்கிலேயர்கள் 1752 செப்டம்பர் வரை பழைய நாட்காட்டியில். இரண்டுக்கும் அப்போது 11 நாள் வித்தியாசம். பிரெஞ்சுக் கணக்கில் அக்டோபர் 13 என்பது ஆங்கிலக் கணக்கில் அக்டோபர் 2. சண்டையின் அக்டோபர் 24 ஆங்கிலக் கணக்கு, புதிய கணக்கில் நவம்பர் 4. ஆக நடுவில் இருந்தது 22 நாள். மூன்று வாரத்தில் அடையாறு வடிவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புயலில் மழை பெய்ததா இல்லையா என்று இந்தச் சண்டையை வைத்துச் சொல்ல முடியாது. கேள்வி திறந்தே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு கைகொடுக்கிறது. 1736 செப்டம்பர் 6, நள வருஷம் ஆவணி 25 என்று தொடங்குகிற ஆள். ஐரோப்பியத் தேதி, தமிழ் வருஷம், மாசம், தேதி, கிழமை எல்லாம் சேர்த்தே எழுதுவார். மூன்று கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தினால் தேதி நிச்சயம். 1746 என்றால் அட்சய வருஷத்து ஐப்பசியில் பாருங்கள். பாண்டிச்சேரியில் உட்கார்ந்து எழுதியவர் என்பதையும் மறக்கக் கூடாது. சென்னை மழை அவர் காதுக்கு வந்த செய்திதான்.

இன்னொன்று. 1752க்கு முன்னால் ஆங்கிலேயர் வருஷம் மார்ச் 25இல்தான் மாறும். ஐப்பசி கார்த்திகை வெள்ளத்துக்குப் பிரச்சினை இல்லை. தை மாசத்தில் ஒரு தப்பு மழை பெய்து, அதை ஜனவரி என்று எழுதியிருந்தால், ஒரு வருஷம் தள்ளிப் போய்விடும்.

---

வரைபடப்பித்து எழுதியது:

புதியவன். வணக்கம். பிட் படத்தையும் 1755 கொன்ராடி படத்தையும் கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு இன்றைய சென்னை மேல் பொருத்தப் பார்த்தேன். கடற்கரையைப் பிடித்து இழுத்தால் கோட்டை கடலுக்குள் போகிறது, கோட்டையைப் பிடித்தால் கடற்கரை ஊருக்குள் வருகிறது. என்ன செய்ய?

---

தாழ்வாரம் எழுதியது:

கடற்கரையைத் தொடவே தொடாதீர்கள். துறைமுக வேலை 1876இல் தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கே போகிற மணலை அந்தக் கட்டுமானம் மறித்ததால் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. பழைய படங்களில் அலை கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் அடிப்பது படம் போட்டவரின் பிழை இல்லை. கடல் அங்கேதான் இருந்தது.

நகராத கட்டடங்களைப் பிடியுங்கள். கோட்டைக்குள் 1680இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயம், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில், லஸ் தேவாலயம், படம் தெற்கே நீண்டால் பரங்கிமலை உச்சித் தேவாலயம். பின்னாளைய படம் என்றால் பாரிமுனையில் நிற்கிற 1773ஆம் வருஷ எல்லைக்கல்லும் உதவும். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலைச் சேர்க்கும்போது மட்டும் கவனம், கோயில் இடம் மாறியது என்ற வரலாறு உண்டு. இவற்றைப் பிடித்த பிறகும் கோட்டையிலிருந்து விலக விலகப் படம் கோணும். அந்தக் கோணலே ஒரு தகவல். நிலம் அளந்தவன் எதுவரை நிஜமாக நடந்தான், எங்கிருந்து கண்ணால் மதிப்பிட்டான் என்று அது காட்டிவிடும். கோணல் அதிகமான இடத்தில் வரைந்திருக்கிற ஆற்றை மீட்டர் கணக்கில் அளக்காதீர்கள்.

---

வரைபடப்பித்து எழுதியது:

நன்றி அக்கா. லஸ் தேவாலயத்தையும் செயின்ட் மேரியையும் பிடித்ததும் எழும்பூர் ஆறு கிட்டத்தட்ட இப்போதைய கோட்டை மேற்குச் சுவருக்குள்ளேயே போய் உட்கார்கிறது. நீங்கள் சொன்னது கண்ணால் தெரிகிறது. ராத்திரி தூக்கம் போச்சு.

---

கல்லெழுத்து எழுதியது:

நீங்கள் எல்லோரும் 1640க்குப் பிறகே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். திருவொற்றியூர், திருவான்மியூர், வேளச்சேரி கோயில்களில் சோழர் கல்வெட்டு இருக்கிறது. உத்திரமேரூரில் முதல் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே வருகிறது. ஏரிக்குத் தூர் எடுக்கப் பொன் வைப்பது, அதன் வட்டியில் ஓடம் ஓட்டி மண் அள்ளுவது, இதெல்லாம் தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில் சர்வசாதாரணம்.

வெள்ளம் நேரடியாகக் கிடைப்பது அபூர்வம். நிலக்காட்சி தாராளமாகக் கிடைக்கும். தானம் கொடுத்த நிலத்துக்கு எல்லை சொல்வார்கள். கீழ்பாற்கெல்லை இந்த வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இந்த ஏரியின் நீர்கோவைக்கு (நீர் பரவும் இடம்) வடக்கு என்று நான்கு பக்கமும் போய், கடைசியில் "உடும்போடி ஆமை தவழ்ந்தது" எல்லாம் உட்பட என்று முடியும். உடும்பு ஓடுகிற மேட்டையும் ஆமை தவழ்கிற பள்ளத்தையும் சேர்த்தே கொடுக்கிறான். எல்லையில் வருகிற கால், ஏரி, மேடு இவற்றை வரிசையாகக் குறித்துக்கொண்டு நிலஅளவை ஐயா சொன்ன கிராம வரைபடத்தில் தேடினால், சில பெயர்கள் ஆயிரம் வருஷம் கழித்தும் அதே இடத்தில் கிடக்கும்.

அப்புறம் கொசஸ்தலையாறு. வடமொழிப் புராணங்களில் அதற்கு விருத்த க்ஷீர நதி, கிழப் பாலாறு என்று பேர். பாலாறு ஒரு காலத்தில் வடகிழக்கே அந்தத் தடத்தில் ஓடியது என்பதைப் புவியியல்காரர்களும் சொல்கிறார்கள். இப்போது ஓடுகிற சிறிய ஆற்றுக்குப் பொருந்தாத அளவுக்கு அங்கே வண்டல் பரந்திருக்கிறது. வட சென்னை நிலத்தையே இன்னொரு ஆறு போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

---

தாழ்வாரம் எழுதியது:

கிழப் பாலாறு சங்கதி நல்லது, ஆனால் கால அளவு வேறு. பாலாறு இடம் மாறியது கல்வெட்டுக்கு முந்தைய நீண்ட கதை, அதற்கு மண் துளைத்து வயது பார்க்க வேண்டும். நம் இழைக்கு அதில் உபயோகமானது ஒன்று: கேசவரம் அணைக்கட்டு. கொசஸ்தலைத் தண்ணீர் அங்கிருந்து கூவத்துக்கும் திரும்பும். 1944இல் பூண்டி வந்த பிறகு கொசஸ்தலையின் போக்கே மாறியது. ஆக 1943 அக்டோபரில் கூவத்தில் வந்தது, பூண்டி இல்லாத காலத்துக் கடைசிப் பெரிய வெள்ளங்களில் ஒன்று. அதனால்தான் அதை நன்றாகத் தோண்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

---

சைதைக்காரன் எழுதியது:

1943 பற்றி ஒண்ணு சொல்றேன். அந்த அக்டோபரில்தான் ஜப்பான் விமானம் வந்து சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது. ஊரே வெள்ளத்தில் மிதந்ததால் நிறையப் பேருக்கு அது தெரியவே இல்லையாம். இதையும் தாத்தாதான் சொல்வார்.

இன்னொரு கேள்வி. எங்க ஊர்ப் பாலம். ஆர்மீனிய வியாபாரி கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் தன் காசில் கட்டின மர்மலாங் பாலம். 1966இல் அதை எடுத்துவிட்டுத்தான் மறைமலை அடிகள் பாலம் வந்தது. பழைய கல்வெட்டு ஒண்ணு பாலத்துப் பக்கத்தில் இன்னும் நிக்குது. 240 வருஷம் நின்ன பாலம். அதை வைத்து எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கணக்குப் போட முடியாதா?

---

தாழ்வாரம் எழுதியது:

அண்ணே, இது இந்த இழையிலேயே நல்ல கேள்வி. பாதி முடியும்.

பாலம் கட்டுகிறவன் ஆற்றைப் பார்த்து, கேட்டு, பயந்துதான் கண்களை வைப்பான். மொத்தக் கண்களின் அகலமும் உயரமும் தெரிந்தால், அவன் மனசில் வைத்திருந்த வெள்ளம் எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லலாம். அதற்கு மேல் போக, ஒரு குறிப்பிட்ட வெள்ளத்தில் தண்ணீர் எந்தக் கல் வரை ஏறியது என்ற அடையாளம் வேண்டும். உயரம் கிடைத்தால் ஆற்றின் குறுக்குவெட்டு, சரிவு, படுகையின் சொரசொரப்பு மூன்றையும் சேர்த்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். சிக்கல் குறுக்குவெட்டில். 1726இன் படுகை இன்றைக்கு இல்லை. மணல் அள்ளினது, குப்பை கொட்டினது, கரையில் கட்டினது எல்லாம் சேர்ந்து வேறு ஆறு ஆகிவிட்டது. பழைய பாலத்தின் அளவுப் படம், படுகை மட்டத்தோடு, பொதுப்பணித்துறைக் கோப்புகளில் இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். பாலம் இடிக்கிற முன்னால் யாராவது அளந்திருப்பார்கள்.

முகத்துவாரம் இன்னொரு தலைவலி. கோடையில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும், மழையில் உடைத்துக்கொண்டு போகும். மணல் அடைத்திருக்கிற நாளில் நடுத்தர மழைக்கே சைதாப்பேட்டை வரை தண்ணீர் தேங்கும். திறந்திருந்தால் அதைவிடப் பெரிய ஓட்டமும் கடலுக்குப் போய்விடும். ஆக உயரம் கூட இருந்தது என்பதால் ஓட்டம் கூட இருந்தது என்று ஆகாது. 1840இல் எல்பின்ஸ்டன் பாலம் வந்ததிலிருந்து முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அளவுகள் எடுத்திருக்க வாய்ப்பு உண்டு, அதையும் தேட வேண்டும்.

1943க்குப் பழைய சுதேசமித்திரன், தினமணி பாருங்கள். போர்க்காலத் தணிக்கையும் காகிதத் தட்டுப்பாடும் இருந்த நேரம், பக்கம் குறைவாக இருக்கும். செய்தி சின்னதாக வந்தால் வெள்ளம் சின்னது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

கூவக்கரை எழுதியது:

அப்படியென்றால் 1943ஐயே முதலில் எடுப்போம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த வருஷத்துப் பொதுப்பணி, வருவாய் அரசாணைகளின் அட்டவணையை நான் பார்க்கிறேன். நிலஅளவை ஐயா பசலி 1353 வஜாக் கணக்கு எந்த வட்டத்தில் இருக்கும் என்று வழிகாட்டினால் போதும். வரைபடப்பித்து தம்பி, கூவம் பகுதிக்கு 1943க்கு முந்தைய நில அளவைப் படங்களை அடுக்கி வையுங்கள். ஏரிகாத்தாள் மேடம், பெரியவர்களிடம் கேட்கும்போது முதலில் வருஷம் கேட்காதீர்கள். தண்ணீர் எந்தப் படி, எந்த மரம், எந்தக் கோயில் வாசல் வரை வந்தது என்று இடத்தைக் கேளுங்கள். வருஷத்தை நாம் வேறு வழியில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

---

சைதைக்காரன் எழுதியது:

1943 எல்லாம் சரி, 2015ஐ விட்டுடாதீங்க. எங்க தெருவில் சில வீட்டுச் சுவரில் வெள்ளக்கோடு இன்னும் பளிச்சுன்னு இருக்கு. பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிக்க சாமான் இறக்கியாச்சு, திங்கட்கிழமை ஆள் வர்றாங்க. அளக்கணும்னா அதுக்குள்ளே வாங்க.

---

நிலஅளவை_ஓய்வு எழுதியது:

ஞாயிறு காலை ஏழு மணி. ஸ்டாஃப் (அளவுக்கோல்) என்னிடம் இருக்கிறது. ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கிற கருவி) யாராவது கொண்டுவர வேண்டும். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்து எழுதினால் பிரயோஜனம் இல்லை, அடுத்த தடவை தெருவை ஒசத்தினதும் அந்த எண் செத்துவிடும். கடல் மட்டத்திலிருந்து எழுதணும். சைதாப்பேட்டைப் பக்கம் கெடாமல் இருக்கிற பெஞ்ச்மார்க் (கடல் மட்ட உயரம் குறித்த நிலையான அடையாளம்) எது என்று தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். ரயில்வே ஸ்டேஷனில் ஒன்று இருக்க வேண்டும், முதலில் அதைப் பார்க்கிறேன்.

---

தாழ்வாரம் எழுதியது:

லெவல் நான் கொண்டுவருகிறேன் ஐயா. சைதைக்காரன் அண்ணே, அந்த வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள். வாசல் பக்கக் கோடு மட்டும் போதாது, பின்கட்டுச் சுவரிலும் இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். ஆற்றைப் பார்த்த பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வித்தியாசம் இருந்தால் எனக்குச் சரிவு கிடைக்கும்.

---

சைதைக்காரன் எழுதியது:

சொல்லிட்டேன். பின்கட்டுலயும் இருக்காம். காபி அவங்க வீட்டுல.